குழுவோடு காடைர் இத்ரிஸ் ஏறும் முன்: முன்நடைக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக நண்பர்களையோ மாணவர் சங்கத்தையோ வேல்ஸ் மலைக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டு விட்டீர்கள். குழுவை அழைத்துப் போகும் முன் நீங்கள் ஒருமுறை அதே வழியில் நடந்து பார்த்தே ஆக வேண்டும். பிரிட்டனில் மலை நடப்பவர்கள் இதை 'ரெக்கி' என்பார்கள். இங்கே முன்நடை என்று வைத்துக்கொள்வோம். பலர் இதை வழி தெரிந்துகொள்ளும் வேலை என்று நினைத்துப் போகிறார்கள். வழியை வரைபடமே காட்டிவிடும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன கண்டால் குழுவைத் திருப்ப வேண்டும் என்பதை வரைபடம் சொல்லாது. அதை எழுதிக்கொண்டு வரத்தான் முன்நடை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது எரரி (ஸ்னோடோனியா) தேசியப் பூங்காவின் தெற்குப் பகுதியில், டோல்கெத்லை ஊருக்கு அருகே உள்ள காடைர் இத்ரிஸ். உச்சியின் பெயர் பெனகாடைர், உயரம் 893 மீட்டர். மின்ஃபோர்த் பக்கமிருந்து ஏறி, லின் கை ஏரியைச் சுற்றிய முகடு வழியாக உச்சி தொட்டு, மனித் மோயல் வழியாக இறங்கும் வட்டப்பாதை. சுமார் 10 கி.மீ. நடை, 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். கோடைக்கும் பனியில்லாத நாள்களுக்கும் மட்டுமே இந்த வழிகாட்டி. பனியோ உறைபனியோ இருந்தால் பனிக்கோடரி, கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்தட்டு), அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த தலைவர் என்று எல்லாமே மாறிவிடும்.

1. முதலில் காகிதங்கள்

பெரியவர்களை மலைக்கு அழைத்துச் செல்ல பிரிட்டனில் அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோர் இல்லாமல், கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் சென்றால் கதை வேறு. 600 மீட்டருக்கு மேற்பட்ட மலையில், சாலையிலிருந்தோ தங்குமிடத்திலிருந்தோ அரை மணி நேர நடைக்கு அப்பால் போனால், 2004ஆம் ஆண்டின் சாகசச் செயல்பாட்டு உரிம விதிகள் பொருந்தும். இந்தப் பாதை அதற்குள் வந்துவிடும். பள்ளி தன் சொந்த மாணவர்களையோ, தன்னார்வச் சங்கம் தன் உறுப்பினர்களையோ அழைத்துப் போவதற்கு விலக்கு உண்டு. உங்கள் குழு எந்த வகை என்பதை மலைக்குப் போகும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் காப்பீட்டு நிறுவனமும் உங்களை அனுப்பும் அமைப்பும் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். இந்த மலைக்குப் பொருந்துவது மவுண்டன் டிரெயினிங் அமைப்பின் மவுண்டன் லீடர் தகுதி. 6 நாள் பயிற்சி, 5 நாள் தேர்வு. தேர்வுக்கு முன் குறைந்தது 40 தரமான மலை நாள்கள், 16 மணி நேர முதலுதவிப் பயிற்சி. இதற்குக் கீழே உள்ள ஹில் அண்ட் மூர்லாண்ட் லீடர் தகுதி இப்படிப்பட்ட செங்குத்துப் பாறை மலைகளுக்குச் செல்லாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தகுதியை நோக்கிப் போகிறவராக இருந்தால், இந்த முன்நடையைப் பதிவேட்டில் எழுதத் தவறாதீர்கள். நீங்களே திட்டமிட்டு, புதிய பகுதியில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த நாள் என்பதால் பெரும்பாலும் அது ஒரு தரமான மலை நாளாகவே கணக்காகும்.

பி.எம்.சி. என்னும் மலையேறுவோர் கவுன்சிலின் தனிநபர் உறுப்பினருக்குப் பொறுப்புக் காப்பீடு சேர்ந்தே வரும். பொழுதுபோக்காக நடப்பதற்குத்தான் அது. ஒரு பவுண்டு கட்டணம் வாங்கினாலும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தனியாக எடுங்கள். சான்றிதழில் 'மலை நடை' என்ற சொல் இருக்கிறதா, உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள்.

மலையின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலம். நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் மின்ஃபோர்த் பக்கம் தேசிய இயற்கைக் காப்பகம். அதைக் கவனிப்பது நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ். முப்பது நாற்பது பேர் கொண்ட நன்கொடை நடை போன்ற பெரிய கூட்டமென்றால் பூங்கா அலுவலகத்துக்கும் காப்பகத்துக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். நாய் வருகிறதென்றால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத வாரில் கட்டியே வர வேண்டும். ஆடு மாடு அருகே வந்தால் ஆண்டு முழுவதும் அதே விதிதான்.

2. வரைபடமும் மேசை வேலையும்

வாங்க வேண்டியது பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓ.எல். 23, அளவு 1:25,000. 10 முதல் 15 பவுண்டுக்குள் கிடைக்கும். மழையில் தாள் கூழாகிவிடும், ஆகவே பூச்சு போட்ட பதிப்போ நீர்புகா உறையோ வேண்டும். போன் செயலி கூடவே இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குளிரில் பேட்டரி நீங்கள் நினைப்பதற்கு முன்பே இறங்கிவிடும், ஈரக் கையுறைக்குத் தொடுதிரை அசையாது.

அந்த வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடு என்றால் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு என்று பொருள். தரையில் பாதை இருக்கிறது என்று பொருளல்ல. கருப்புப் புள்ளிக்கோடுதான் கண்ணுக்குத் தெரியும் பாதை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இல்லாத பாதையைத் தேடிக் கோரைப்புல்லில் அலைபவர்கள் ஏராளம்.

வேல்ஷ் பெயர்களே பாதி வழிகாட்டி. 'லின்' என்றால் ஏரி. 'கூம்' என்பது மூன்று பக்கம் பாறை சூழ்ந்த கிண்ணப் பள்ளத்தாக்கு. 'பூல்ஹ்' கணவாய், 'கிரைக்' பாறை முகம், 'நன்ட்' ஓடை, 'மனித்' மலை, 'மோயல்' மொட்டை மேடு, 'கோய்ட்' காடு. கிரைக் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு அருகே மூடுபனியில் நிற்கிறீர்கள் என்றால் காலடியைப் பார்த்து வைக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் 'பெரிகிள்' என்று கண்டால் அபாயம்.

நேரக் கணக்கை மேசையிலேயே போடுங்கள். மலை நடை நேரத்தைக் கணக்கிடும் நெய்ஸ்மித் விதி மணிக்கு 5 கி.மீ. என்கிறது, பழகிய ஒற்றை ஆளுக்குச் சரி, புதியவர்கள் உள்ள குழுவுக்குச் சரிவராது. மணிக்கு 3 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கூடுதலாக 1 நிமிடம் என்று வையுங்கள். 10 கி.மீ.க்கு 200 நிமிடம், 900 மீட்டருக்கு 90 நிமிடம், ஆக 4 மணி 50 நிமிடம். மதிய உணவு, ஆடை மாற்றல், வேலி தாண்டல், கொப்புளத்துக்கு ஒட்டுத்துணி என்று இன்னும் இரண்டு மணி நேரம் சேருங்கள். ஏழு மணி நேரம் என்பதே நேர்மையான கணக்கு. நீங்கள் முன்நடையை நான்கரை மணியில் முடித்துவிட்டு அதையே குழுவுக்கும் சொன்னீர்களானால், கடைசி ஆள் இருட்டில்தான் காட்டுக்குள் இறங்குவார்.

3. எப்போது போவது

குழு நாளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னதாக. அதற்கு முந்திப் போனால் பாதைச் சரிவு, மரம் விழுதல், பாலப் பழுது எல்லாம் இடையில் மாறியிருக்கும். குழு போகும் அதே கிழமை, அதே நேரத்தில் தொடங்குங்கள். சனிக்கிழமை காலை வாகன நிறுத்தம் எத்தனை மணிக்கு நிரம்புகிறது என்பது செவ்வாய்க்கிழமை போனால் தெரியாது.

வெயில் நாளைத் தேடிப் போக வேண்டாம். மேகம் உச்சியை மூடியிருக்கும், ஆனால் காற்று அடங்கியிருக்கும் நாள்தான் முன்நடைக்கு உகந்தது. தெளிந்த வானத்தின் கீழ் இந்த மலையில் யாரும் வழி தவறுவதில்லை.

மெட் ஆபீஸின் எரரி மலை முன்னறிவிப்பு, எம்.டபிள்யூ.ஐ.எஸ். மலை வானிலைச் சேவை இரண்டையும் பாருங்கள். டோல்கெத்லை ஊரின் வானிலை உங்களுக்கு உதவாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு பாகை செல்சியஸ் குறையும். கடற்கரையில் 12 பாகை என்றால் உச்சியில் 6, காற்றோடு சேர்த்தால் உடம்புக்குப் பூஜ்ஜியம்தான். காற்று மணிக்கு 40 மைல் என்று போட்டிருந்தால் முகட்டில் நிமிர்ந்து நடப்பதே கடினம்.

ஜூன் கடைசியில் சூரியன் இரவு 9:40 வாக்கில் மறையும். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கே இருட்டு. அக்டோபரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பும் ஞாயிறு பலரைக் கவிழ்த்துவிடுகிறது: அந்த வாரத்துக்கு முன் முன்நடை, பின் குழு நடை என்றால் மாலையில் ஒரு மணி நேர வெளிச்சம் கையை விட்டுப் போயிருக்கும்.

4. போய்ச் சேர்வது, அதற்கான செலவு

வழிகாட்டும் கருவியில் 'மின்ஃபோர்த்' என்று அடித்தால் போர்த்மடோக் அருகே ரயில் நிலையம் உள்ள வேறொரு மின்ஃபோர்த்துக்குக் கொண்டுபோய் விடக்கூடும். நீங்கள் தேடுவது டோல் இத்ரிஸ் வாகன நிறுத்தம். ஏ487 சாலையும் பி4405 சாலையும் சேரும் இடத்துக்கு அருகே, கட்ட எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைக் குறிக்கும் எண்) எஸ்எச் 732 115. குழுவுக்கு அனுப்பும் செய்தியில் ஊர்ப் பெயரை எழுதாமல் வாகன நிறுத்தத்தின் பெயரையும் கட்ட எண்ணையும் எழுதுங்கள்.

லண்டனிலிருந்து சுமார் 230 மைல், ஐந்து மணி நேரம். பர்மிங்காமிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி. வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புப் பகுதிகளில் பொதுவாக மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு. இங்கிலாந்துப் பழக்கத்தில் 30இல் போனால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும்.

லண்டனிலிருந்து ஒரு காருக்குப் பெட்ரோல் கணக்கு: போய்வர 460 மைல், காலனுக்கு 40 மைல் ஓடினால் பதினொன்றரை காலன், அதாவது 52 லிட்டர். லிட்டர் 1.40 பவுண்டு என்று வைத்தால் 73 பவுண்டு. இது முன்நடைக்கு ஒருமுறை, குழு நடைக்கு மறுமுறை. குழுவிடம் வசூலிக்கும் தொகையில் முன்நடைச் செலவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு மனம் நோக வேண்டாம். ஒரு இரவு தங்கல், வாகன நிறுத்தக் கட்டணம், வரைபடம், தேய்ந்த முதலுதவிப் பொருள்கள் ஆகியவையும் கணக்கில் வரட்டும். லண்டன்காரர்கள் அன்றே போய் அன்றே திரும்ப நினைக்காதீர்கள். ஏழு மணி நடைக்குப் பின் ஐந்து மணி நேரம் கார் ஓட்டுவது மலையைவிட ஆபத்தானது.

பள்ளத்தாக்கில் போன் சிக்னல் பலவீனம். செயலி வழியே கட்டணம் கட்டலாம் என்று எண்ணிப் போகாமல் சில்லறை எடுத்துப்போங்கள். கழிப்பறை வாகன நிறுத்தத்தில் மட்டும்தான். அதன் பிறகு ஏழு மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. குழுவில் இதைச் சங்கோஜப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். பெண்கள் பலர் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் ஏறி மயங்குகிறார்கள். முன்நடையில் ஏரிக்கு முன்பும், மனித் மோயல் இறக்கத்திலும் மறைவான பாறைகளைப் பார்த்து வையுங்கள். ஓடையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கு: மாகின்லெத் வரை ரயில், அங்கிருந்து டோல்கெத்லை போகும் டிராஸ்கம்ரி டி2 பேருந்து இந்த ஏ487 வழியாகத்தான் போகிறது. கடைசிப் பேருந்து நேரத்தை உங்கள் திரும்பும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.

5. பாதையைத் துண்டு துண்டாகப் பார்த்தல்

முன்நடையில் கையில் இருக்க வேண்டியவை நீர்புகாக் குறிப்பேடு, பென்சில் (பேனா ஈரத்தில் எழுதாது), திசைகாட்டி, கைக்கடிகாரம். திசைகாட்டியைப் போனோடு ஒரே பையில் போடாதீர்கள். போன் உறையின் காந்தம் முள்ளின் வட தெற்கையே மாற்றிப்போட்டுவிடும், நீங்கள் நேர் எதிர்த்திசையில் நடப்பீர்கள். வேல்ஸில் இப்போது காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் வேறுபாடு ஒரு பாகை அளவில்தான், அதை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், கட்ட எண், சிக்னல் உண்டா இல்லையா, இங்கிருந்து பத்திரமாகத் திரும்ப எவ்வளவு நேரம். படம் எடுக்கும்போது முன்னால் மட்டும் எடுக்காமல், திரும்பி நின்று வந்த வழியையும் எடுங்கள். திருப்பும் நாளில் உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் படம்தான்.

அ) காடு. வாகன நிறுத்தத்திலிருந்து சிறிது தூரத்திலேயே நன்ட் காடைர் ஓடையை ஒட்டிக் கருவாலி மரக்காட்டுக்குள் கற்படிகள் தொடங்கும். முதல் ஒரு கி.மீ.க்குள்ளேயே 200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவீர்கள். குழுவின் உண்மையான வேகம் இங்கேதான் தெரியும். ஆனால் இங்கேதான் எல்லோரும் உற்சாகத்தில் விரைந்து ஏறி, வியர்வையில் சட்டை நனைந்து, மேலே காற்றில் நடுங்குவார்கள். முன்நடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பேர் ஒதுங்கி நிற்கக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரப் பாசியும் இலையும் படிந்த படிகள் ஏறும்போது தொல்லையில்லை, இறங்கும்போதுதான் வழுக்கும். களைத்த கால்களோடு கடைசியில் இதே படிகளில்தான் வரப்போகிறீர்கள்.

ஆ) காட்டு வாயிலுக்கு மேல். மரங்கள் முடிந்து வெளி திறக்கும்போது பாதை இரண்டாகும். இடதுபுறம் மேற்கே வளைந்து ஏரிக்குப் போவது நீங்கள் ஏறும் வழி. ஓடையைக் கடந்து வலதுபுறம் போவது மனித் மோயலிலிருந்து நீங்கள் இறங்கி வரும் வழி. இந்தச் சந்திப்பை இரு திசையிலிருந்தும் படம் எடுங்கள். ஓடை கடக்கும் இடத்துக்கு இப்போதே போய்ப் பாருங்கள். இரவு பெய்த மழையில் ஓடை பெருகியிருந்தால் மாலையில் அதைக் கடக்க முடியுமா என்பதைக் காலையிலேயே முடிவெடுக்க வேண்டும், ஏழு மணி நேரம் கழித்து எதிர்க்கரையில் நின்றுகொண்டு அல்ல.

இ) லின் கை. சுமார் 470 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி. மூன்று பக்கமும் பாறைச் சுவர், காற்று மறைவு, உட்கார இடம். இது உங்கள் மாற்றுத் திட்டமும்கூட. மேகம் தாழ்ந்த நாளில் குழுவை ஏரி வரை மட்டும் அழைத்துப் போய்த் திரும்பினால் ஐந்தரை கி.மீ. அளவு, சுமார் 400 மீட்டர் ஏற்றம், மூன்று மணி நேரம். ஏரியைப் பார்த்த யாரும் ஏமாந்து போனதாக உணர மாட்டார்கள். ஆகவே முன்நடையில் ஏரிக்கரைக்கும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், ஏனென்றால் முகட்டுக்கு ஏறும் பாதை ஏரிக்குச் சற்று முன்பே இடப்பக்கம் பிரிந்துவிடும். மேகத்தில் அந்தப் பிரிவைத் தவறவிட்டு ஏரிக்கே போய்விடுவது சாதாரணம்.

ஈ) முகடு, கிரைக் கூம் அமார்ஹ் வரை (791 மீட்டர்). இந்த நடையின் நெஞ்சு இதுதான், அதிக நேரம் இங்கே செலவிடுங்கள். ஏரியின் தெற்கு, மேற்கு விளிம்பைச் சுற்றி ஏறுகிறீர்கள். செங்குத்துப் பாறை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். இங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று, அதாவது இடப்பக்கமிருந்து அடித்து உங்களைப் பள்ளத்தை நோக்கியே தள்ளும். வலுத்த காற்று நாளில் பாதையிலிருந்து இடப்புறம் விலகி எவ்வளவு தூரம் வரை நடக்கலாம் என்று பாருங்கள். குழுவில் உயர பயம் உள்ளவர் இருந்தால் எந்த இடத்தில் கால் நின்றுவிடும் என்பதையும் ஊகித்து எழுதுங்கள். பெரும்பாலும் அது ஏற்றத்தில் இருக்காது, முதல்முறை ஏரி கண்ணுக்கு நேர்கீழே தெரியும் இடத்தில் இருக்கும்.

மேட்டின் உச்சிக்குப் பின் கணவாய்க்கு இறங்குவீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணவாயிலிருந்து ஏரியை நோக்கி ஒரு பிளவு இறங்குகிறது. களைத்தவர் கண்ணுக்குக் குறுக்கு வழி போலத் தெரியும். உருளும் கற்கள் நிறைந்த அந்தச் சரிவில் குழுவை இறக்கவே கூடாது; மேலே இருப்பவர் உதைக்கும் கல் கீழே இருப்பவர் தலையில் விழும். 'இது வழியல்ல' என்று குழுவிடம் அந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

உ) உச்சி. கட்டிய கல் தூணும், சற்றுக் கீழே கூரை போட்ட கல் தங்குமிடமும் உண்டு. மழை நாளில் அதில் ஏற்கெனவே வேறொரு குழு அமர்ந்திருக்கும், நம்பிப் போகாதீர்கள். உங்கள் குழுவுக்கென நீங்களே தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொள்ளும் குழு ஷெல்டரை எடுத்துப்போங்கள். தங்குமிடத்தைத் தூணிலிருந்து கண்டுபிடிக்கும் திசைக்கோணத்தை அளந்து வையுங்கள், மேகத்தில் சில அடி தூரத்திலேயே தவறவிடலாம்.

உச்சியிலிருந்து பாதைகள் பல பக்கம் பிரிவதுதான் அடுத்த பொறி. வடக்கே இறங்கும் ஃபாக்ஸஸ் பாத் அரித்துப்போன சரளைச் சரிவு. பழைய புத்தகங்களில் பாதை என்று இருக்கும், குழுவோடு அதில் கால் வைக்காதீர்கள். மேற்கே போவது போனி பாத்; எளிய தரை, ஆபத்து நேரத்தில் நல்ல வழி. ஆனால் அது மலையின் மறுபக்கம் டி நன்ட் என்ற இடத்தில் கொண்டு விடும். அங்கிருந்து உங்கள் கார் நிற்கும் இடம் சாலை வழியே 15 கி.மீ.க்கும் மேல். அந்த வழியில் இறங்க நேர்ந்தால் யார் வந்து ஏற்றிக்கொள்வது, டோல்கெத்லையில் எந்த வாடகை வண்டி எண்ணை அழைப்பது என்பதை முன்நடை நாளிலேயே விசாரித்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

ஊ) மனித் மோயல் (863 மீட்டர்). உச்சியிலிருந்து கிழக்கு வடகிழக்காக, மொத்தத்தில் சுமார் 70 பாகை, 1.7 கி.மீ. அகன்ற புல்முகடு, நடக்க இனிது. இடக்கைப் பக்கம் வடக்குப் பாறைகள். தென்மேற்குக் காற்று இங்கும் உங்களைப் பாறை விளிம்பை நோக்கியே தள்ளும். மேகத்தில் ஒரே கோணத்தை நம்பி நேராக நடக்காமல், இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் கோணத்தையும் அடி எண்ணிக்கையையும் நீங்களே அளந்து எழுதுங்கள். சமதரையில் பெரியவர் ஒருவருக்கு 100 மீட்டருக்கு 60 முதல் 70 இரட்டை அடி (இடம், வலம் இரண்டும் சேர்ந்து ஒன்று) ஆகும். உங்கள் எண் என்ன என்பதை வீட்டருகே பூங்காவில் அளந்துவிட்டு வாருங்கள்.

இறங்கும் பாதையைத் தாண்டி முகட்டிலேயே தொடர்ந்து கிழக்கே போய்விடுவது இங்கு நடக்கும் தவறு. கை கிரைக் (683 மீட்டர்) பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும், காரிலிருந்து விலகிக்கொண்டே போவீர்கள். உங்களுக்குத் தேவை தெற்கே வேலியை ஒட்டி இறங்கும் செங்குத்துப் பாதை. வேலியைத் தாண்டும் இடத்தின் கட்ட எண்ணை எழுதுங்கள். வேலி தாண்ட ஆளுக்கு ஒரு நிமிடம்; பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு நிமிடம் காற்றில் நிற்க வேண்டும், அதையும் நேரக் கணக்கில் சேர்த்தீர்களா? இந்த இறக்கத்தில் முழங்கால்கள் அழும். ஊன்றுகோல் உள்ளவர்கள் தப்பிப்பார்கள், இல்லாதவர்களுக்கு உதிரியாக ஒரு ஜோடி கொண்டு போங்கள்.

6. திருப்பும் நேரங்கள்

முன்நடையில் எழுதியவற்றை வைத்து இந்த அட்டவணையை நிரப்புங்கள். பத்துப் பேர், காலை 9:30 தொடக்கம் என்று ஒரு மாதிரி: காட்டு வாயில் 10:20. ஏரிக்கு முன் பிரிவு 11:15. கிரைக் கூம் அமார்ஹ் 12:30. உச்சி 1:30, அரை மணி உணவு. மனித் மோயல் 2:45. ஓடைச் சந்திப்பு 4:00. வாகன நிறுத்தம் 4:45.

இதற்குப் பக்கத்தில் கடைசி நேரங்களை எழுதுங்கள். ஏரிப் பிரிவை 11:45க்குள் தொடவில்லையா, அன்றைக்கு ஏரிதான் இலக்கு. கிரைக் கூம் அமார்ஹ் வரை 1 மணிக்குள் வரவில்லையா, வந்த வழியே இறக்கம். கணவாயைத் தாண்டி உச்சிக்குப் போன பிறகு திரும்புவது கிட்டத்தட்ட முன்னே போவதற்குச் சமமான வேலை. ஆகவே உண்மையான கடைசி முடிவிடம் கிரைக் கூம் அமார்ஹ்தான். அங்கே குழு உங்கள் முகத்தைப் பார்த்து, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று கேட்கும். எண் காகிதத்தில் முன்பே எழுதியிருந்தால் பதில் சொல்வது எளிது.

7. ஆபத்து வந்தால்

999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். மீட்புக்குக் கட்டணம் இல்லை, அவர்கள் தன்னார்வலர்கள். பேச சிக்னல் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக இன்றே அனுப்பிப் பதிவை முடியுங்கள். கட்ட எண்ணைக் காட்டும் ஓ.எஸ். லொக்கேட் செயலி இலவசம், இணையம் தேவையில்லை. விசில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று முறை வரும்.

முன்நடையிலும் உங்களுக்கு இதே விதிதான். வழித்திட்டம், வண்டி எண், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 999 அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவர், அதுவும் மலைக்குப் புதியவராக, உடன் வரட்டும். அவர் நின்று மூச்சு வாங்கும் இடங்களே உங்கள் குழு மூச்சு வாங்கப் போகும் இடங்கள்.

8. திரும்பி வந்த பிறகு

அன்று இரவே குறிப்புகளைத் தட்டச்சு செய்யுங்கள், மறுநாள் ஈரப் பக்கத்தில் என்ன எழுதினோம் என்று புரியாது. குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம்: கட்ட எண்ணோடு சந்திக்கும் இடம், கடினம் எப்படி, ஏழு மணி நேரம், கழிப்பறை நிலவரம், ஏரியோடு திரும்பவும் நேரலாம் என்ற எச்சரிக்கை. உடுப்புப் பட்டியலில் கணுக்கால் வரை பிடிக்கும் பூட்ஸ், மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, ஜூலையானாலும் குல்லாய் கையுறை, 2 லிட்டர் தண்ணீர், ஹெட் டார்ச். ஜீன்ஸ் வேண்டாம் என்று தனி வரியில் எழுதுங்கள். நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

உடல்நலப் படிவம் ஒரு வாரம் முன்பே வரட்டும். ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின், ஒவ்வாமை ஊசி யாரிடம், எந்தப் பையில் என்பது உங்களுக்கும் இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடை முடிந்ததும் அந்தக் காகிதங்களை அழித்துவிடுங்கள். ஒரு தலைவருக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேர் என்றால் கடைசியில் நடக்க, முன்நடையில் கூட வந்தவரையே நிறுத்துங்கள்.

குழு நாளுக்கு முதல் நாள் மாலை 5 மணிக்கு முன்னறிவிப்பை மறுபடி பார்த்து, போகிறோமா, ஏரி வரையா, ரத்தா என்று 7 மணிக்குள் எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள். லண்டனிலிருந்து விடியற்காலை கிளம்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும்.